பெல்ட்டில் போன நீலப் பை

...சோதனைப் படமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அவ்வளவு அழகாகப் பையின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்குமா, கட்டி மாதிரி ஒன்று, அதிலிருந்து இரண்டு கம்பி, யாரோ வரைந்து வைத்த மாதிரி... மெட்ரோ நிலைய வாசலில் பயணிகளின் பைகளைப் பார்க்கும் நாங்கள் தூங்கிவிடக் கூடாதென்று இந்த ஸ்கேனர் அவ்வப்போது யாருடைய பைக்குள்ளாவது இல்லாத குண்டைக் காட்டும், பொத்தானை அழுத்தினால் 'இது சோதனைப் படம்' என்று திரை பாராட்டும், விட்டுவிட்டால் 'தவறவிட்டீர்கள்' என்று சிவப்பில் திட்டும், எப்படியும் ஒரு வார்த்தை வரும். இப்போது ஏன் ஒன்றுமே வரவில்லை? நான் அழுத்தவில்லை. அழுத்த வேண்டிய நேரத்தில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கல்லூரிக்குப் போகும் அவள் பை தினமும் என் திரை வழியாகத்தான் போகும், இன்று அதற்குள் சாப்பாட்டு டப்பா இல்லை, பெற்ற வயிறு, திரையைவிட்டு நிமிர்ந்து அவளை முறைத்தேன், அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள், திரும்பினால் அடுத்து வந்த நீலப் பையின் படம் ஒரு கணம்தான் தெரிந்தது, அதற்குள் திரையைவிட்டு நகர்ந்துவிட்டது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, மகளும் அந்த ஆளும் ஒரே நடைமேடைக்குத்தான் போனார்கள், ரயிலும் கிளம்பிவிட்டது.

போன வாரம் வேறொரு நகரத்தில் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் டிவியை அணைப்பதே இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறார், நாட்டையே என் தலையில் தூக்கி வைத்த மாதிரி. மேலதிகாரியிடம் ஓடினேன், எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துலேருந்தே அந்த மெஷின் மெசேஜ் காட்டலைம்மா. புகார் கொடுத்தாச்சு, ஆள்தான் வரல."

"அப்ப நான் பார்த்தது படமா, நிஜமா சார்?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பழைய படத்தைத் திருப்பிப் பார்க்க அவருக்கும் வழியில்லை, தலைமை அலுவலகத்துக்காரர்கள் வந்து திறக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார், உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள், அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். போன மாதம் பக்கத்து மெஷின்காரி உறுதியாகத்தான் சொன்னாள், ரயிலை நிறுத்தினார்கள், கூட்டம் விழுந்தடித்து ஓடியதில் கர்ப்பிணி ஒருத்தி படியில் உருண்டாள், பைக்குள் இருந்ததோ அலாரம் கடிகாரமும் சோப்பும். சரி, வழியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். பார்த்துக்கொள்வதென்றால், நீல நிறத்தில் உலகத்தில் ஒரே ஒரு பைதானா இருக்கிறது? மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன், வேறு என்ன செய்ய, பெல்ட் நிற்கவில்லை, குடை, செருப்பு, மடிக்கணினி, யாருடையதோ மாத்திரைப் பட்டை, எல்லாமே கட்டியாகத் தெரிகிறது, எல்லாவற்றிலும் கம்பி. மகளுக்குப் போன் போட்டேன், சுரங்கத்துக்குள் சிக்னல் கிடைக்காது, தெரிந்தேதான் போட்டேன், மறுபடியும் போட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டாயா என்று காலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிமிர்ந்தே இருக்க மாட்டேன்... கை நடுங்குவதை வரிசையில் நின்ற ஒருவர் பார்த்துவிட்டுத் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார், அவருக்கு என்னைக் கண்டால் பயமாக இருந்திருக்கும்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டியூட்டியில் தொடக் கூடாது, மறுபடியும் தொட்டேன். 'இறங்கிட்டேன். டப்பாவை மறந்துட்டேன்மா, சாயங்காலம் திட்டு.' அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், கண் நிறைந்துவிட்டது, திட்ட மாட்டேன்டி, ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டேன். அடுத்த பை வந்தது, குடை குடையாகத் தெரிந்தது, செருப்பு செருப்பாகத் தெரிந்தது. மேலதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று நானும் ஆட்டினேன். ஒன்றுமில்லையா? நீலப் பையை யாரும் இன்னும் பார்க்கவில்லை, அந்த ரயில் கடைசி நிலையம்வரை போகும், அதில் இப்போது என் மகள் இல்லை, அவ்வளவுதான் மாறியிருக்கிறது... பிறகு எப்படி என் கை நடுக்கம் நின்றது?