மேஜருக்குப் போட்ட சாக்கு

மாசி மாதம் வட்டகொடைப் பக்கத்தில் விடியற்காலையில் விரல் மடங்காத குளிர் இருக்கும். பத்து மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில் அதே விரல்கள் வேர்த்து வழுக்கும். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு இது பழகிப்போன விஷயம். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் நாய்க்குப் பழகவில்லை.

நாயின் பெயர் மேஜர். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கூடை மயிர், வயிற்றுக்கடியில் தரையைக் கூட்டுகிற மயிர், வாலே ஒரு விளக்குமாறு. காலையில் துரை மலை பார்க்கப் போகும்போது பின்னாலேயே ஓடும். ஒன்பது மணிக்குத் திரும்பும்போது நாக்கு ஒரு சாண் தொங்கும். அதற்குப் பிறகு நாலு மணிவரைக்கும் அந்த நாயைச் சூடேறாமல் வைத்திருப்பது காளியாயியின் வேலை. ஐம்பத்தாறாம் வருடம் அந்தத் தோட்டத்தில் அதற்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போட்டார்கள்.

வேலை அவளுக்கு வந்தது கால் உடைந்ததால். கார்த்திகை மழையில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு விட்டுப்போயிற்று. தோட்டத்து மருந்துக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்த பிறகு சமதரையில் நடக்க முடிந்தது. ஏற்றத்தில் ஊன்றினால் உயிர் போனது. புருஷன் செத்து மூன்று வருடம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் அவளும் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். வேலைக்குப் பேர் கொடுக்காத வீட்டுக்குக் காம்பரா கிடையாது. கந்தப்பன் கங்காணி தைப்பொங்கலுக்கு மறுநாளே வாசலில் வந்து நின்று இதைச் சொன்னார்.

“இந்தா காளியாயி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. செல்லசாமி கல்யாணம் முடிச்சு அப்பன் ஆத்தாளோட ஒரே காம்பராவுல கெடக்கான். அவன் வீட்டுல நாலு பேரு வேலைக்கு வாறாங்க. ஒன் வீட்டுல யாரு வாறா?”

“காலை நான் வேணும்னா ஒடைச்சேன், கங்காணி ஐயா?”

“யாரு ஒடைச்சதுன்னு எழுதுறதுக்கு, பேர் போடுற செக்ரோல்ல எடமில்ல.”

அந்த மாதக் கடைசியில் துரையின் பங்களாவில் சமைக்கிற வீரய்யா வந்து கூப்பிட்டார். பெரிய மீசை, பங்களாவுக்குள் குரல் எழும்பாது, வெளியே வந்தால் அடங்காது. “தொரைக்கு நாய் பார்க்க ஆள் வேணுமாம். எங்கயும் நகராம ஒக்காந்திருக்கிற ஆளு. நீதான் நொண்டிக்கிட்டு இருக்கியே, ஓடவா போற?”

துரை அவளைப் பங்களாவின் பின்வாசலில் நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். “நாய் நல்லா இருக்கு, உன் பேரு இருக்கு. நாய் சுகமில்லே, உன் பேரு இல்லே. விளங்கினது?”

விளங்கியது. பேர் இல்லை என்றால் காம்பரா இல்லை.

பங்களாச் சமையல்கட்டான குசினிக்குப் பின்னால் தகரம் அடித்த கூடு ஒன்று இருந்தது. மேலே தகரம், சுற்றிலும் தகரம், முன்னால் பலகைக் கதவு. கதவைத் திறந்து வைத்தால் வீரய்யாவின் கோழிகளை மேஜர் துரத்தும் என்பதால் சாத்தியே வைக்க வேண்டும். சாக்கை நனைத்து நாயின் மேல் போர்த்த வேண்டும், காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். இது துரையின் உத்தரவு என்று வீரய்யா சொன்னார். காளியாயி மூன்று வாரம் அப்படியே செய்தாள். நாயும் மூன்று வாரம் மூச்சிரைத்துக்கொண்டே இருந்தது. மேல் மயிரை வீரய்யா தினமும் துரை பார்க்கிற மாதிரி பிரஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். அடியில் இருந்த மயிர் தினமும் நனைந்து நனைந்து கம்பளிபோல் இறுகிக் கிடந்தது.

சாயந்திரம் மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் விடமாட்டார்கள்.

“மேஜரம்மா வாறாங்க, வழிவிடுங்கடி!” என்பாள் அடுத்த காம்பரா பூரணி.

“வழிவிட்டா பத்தாது. சலாம் போடணும்.”

“ஏன்டி, நாங்களும்தான் உச்சி வெயில்ல காயிறோம். எங்களுக்கு யாரு சாக்கு நனைச்சுப் போடுறது?”

“ஒனக்கு நாலு காலு மொளைக்கட்டும். நானே வந்து போடுறேன்.”

சிரிப்பார்கள். காளியாயியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து கணுக்காலை அமுக்கிப் பார்ப்பாள். இன்னும் மலை ஏற முடியாது என்று கால் சொல்லும்.

அந்தப் புதன்கிழமை வெயில் காலையிலேயே வேறு மாதிரி இருந்தது. காற்று இல்லை. சவுக்கு மரத்தில் ஒரு கிளை ஆடவில்லை. துரை மேல்மலை வரைக்கும் போய்விட்டுப் பத்தரைக்குத்தான் திரும்பினார், திரும்பிய கையோடு காரில் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனார். சாயந்திரம்தான் வருவார். மேஜர் வாசலிலேயே விழுந்து படுத்தது. அதைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கூட்டுக்குள் தள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது.

“இன்னைக்கு ரெண்டு சாக்காப் போடு” என்றார் வீரய்யா.

இரண்டாகப் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே பலகையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். உள்ளே மூச்சிரைக்கிற சத்தம் மாறியது. ரம்பம் ஈர மரத்தில் சிக்கியதுபோல ஒரு சத்தம். கதவைத் திறந்தாள். நாய் எழும்பப் பார்த்தது. பின்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. வாயிலிருந்து எச்சில் கயிறுபோல் தொங்கியது, நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கண் அவளைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தது.

சாக்கு காய்ந்திருக்கும் என்று நினைத்துத் தொட்டாள். காயவில்லை. ஈரமாகத்தான் இருந்தது. ஈரம் சுட்டது. சாக்குக்கு அடியில் கையைவிட்டு இறுகிப்போன மயிருக்குள் விரலை நுழைத்தாள்.

அந்தச் சூடு அவள் கைக்குத் தெரிந்த சூடு.

வெயில் நாளில் நிறுவைக்கு ஒரு நடை மிச்சம் பிடிக்கலாம் என்று கூடையில் கொழுந்தைக் கையால் அமுக்கி அமுக்கி நிறைப்பார்கள். மேலே பச்சையாகத்தான் இருக்கும். நடுவில் கையை விட்டால் சோற்றுப்பானைக்குள் விட்டதுபோல் இருக்கும். ஈரக் கொழுந்தாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வேகும். கொஞ்ச நேரத்தில் சிவந்து புளித்த வாடை வரும், கணக்கப்பிள்ளை தரையில் கொட்டிவிட்டு அப்பனையும் ஆத்தாளையும் இழுத்து ஏசுவார். அமுக்கின கொழுந்தின் மேல் தண்ணீர் தெளித்து மூடினால் அது ஆறாது. கொட்ட வேண்டும், விரலால் உதிர்க்க வேண்டும், காற்றுப் படவிட வேண்டும். பேர் பதிந்த முதல் வாரத்திலேயே எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்துவிடும். மூன்று வாரமாக நான் இந்த நாயை அமுக்கி வைத்திருக்கிறேன் என்று காளியாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு சாக்கையும் இழுத்தாள். ஒன்றைக் கூட்டுக்குள்ளேயே எறிந்தாள். மற்றதைத் தரையில் விரித்து நாயை அதன்மேல் புரட்டினாள்.

வீரய்யா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். “ஏ புள்ள, என்னா செய்யிற? சாக்க ஏன் எடுத்த?”

“சாக்குதாண்ணே கொல்லுது. இந்த முனையப் பிடிங்க, பீலிக்கு இழுக்கணும்.”

“தொரை போடச் சொன்ன சாக்க நான் எடுக்கிறதா? நல்லா இருக்கே! செத்துச்சுன்னா எம் பேரும் வரும்.”

“போட்டு வச்சாலும் சாகும்.”

“போட்டு வச்சு செத்தா தொரை சொன்னபடி செத்துச்சு. எடுத்து செத்தா நீ கொன்ன. அதுக்கு நான் கை குடுக்கமாட்டேன்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கும் பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறையும் ஆறு பிள்ளைகளும் இருந்தன. காளியாயி சாக்கின் இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி இழுத்தாள். பங்களாப் பீலி முப்பது அடி தூரம், கடைசி பத்தடி இறக்கம். இறக்கத்தில் வலது காலை ஊன்றியபோது கண்ணில் பூச்சி பறந்தது. நாயும் அவளும் ஒன்றாகத்தான் பீலிக்கடியில் போய் விழுந்தார்கள்.

முதுகில் தண்ணீர் விட்டாள். எண்ணெய் தடவியதுபோல் மேலாக ஓடிப்போயிற்று. மல்லாத்திப் போட்டாள். மயிர் குறைவான வயிறு, தொடையிடுக்கு, முன்னங்கால் இடுக்கு, பாதம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடவிட்டாள். உள்ளங்கையில் ஏந்தி நாக்கை நனைத்தாள். சேலை முந்தியை எடுத்து விசிறினாள். “ஏய் மேஜரு, செத்துகித்து தொலைச்சிராத. எம் புள்ள எங்க படுக்கும்?” என்று திட்டிக்கொண்டே இருந்தாள். கங்காணியைத் திட்ட நினைத்து மனதில் வைத்திருந்த வார்த்தைகளும் நடுநடுவே வந்தன.

நாக்கின் கத்தரிக்காய் நிறம் முதலில் போனது. பிறகு வால் ஒரு தடவை தண்ணீரை அடித்தது.

கூட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பின்வாசல் சீமெந்துத் தரையில், இரண்டு பக்கமும் காற்றுப் போகிற இடத்தில் போட்டாள். வீரய்யா கோழிகளைப் பிடித்து அடைத்தார். அது அவர் செய்த உதவி. மயிர் காயக் காயக் காளியாயி தன் கொண்டையிலிருந்த சீப்பை எடுத்து அடி மயிரைப் பிரித்தாள். மேல் மயிரில் கை வைக்கவில்லை. அடியில் இறுகியிருந்தது பிடி பிடியாக வந்தது. மூன்று மணிக்குள் ஒரு தலையணை அளவுக்குக் குவிந்தது. சீப்பில் நாலு பல் போயிற்று. நாய் பாதியாக மெலிந்து நின்றது, நன்றாக மூச்சு விட்டது.

நாலு மணிக்குத் துரை வந்தார். முதலில் மயிர்க் குவியலைத்தான் பார்த்தார். முகம் தக்காளியாகிவிட்டது.

“நீ வெட்டினது? நாய் மயிர் யாரு வெட்டச் சொன்னது?”

“வெட்டலைங்க தொரை. சீவினதுங்க.”

“சாக்கு எங்கே? வீரய்யா! சாக்கு எங்கே?”

வீரய்யா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். “நான் வேணாம்னுதாங்க சொன்னேன்.”

“போ” என்றார் துரை காளியாயியிடம். “நாளைக்கு இங்கே வேலை இல்லே.”

இறங்கிப் போக வேண்டிய இடம் அது. காளியாயி போகவில்லை. கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது, அதனாலும் சட்டென்று போக முடியவில்லை. கூட்டைக் காட்டினாள்.

“அங்க கெடக்குங்க சாக்கு. காலையில நனைச்சது. கைய வச்சுப் பாருங்க தொரை. கொழுந்த அமுக்கினா வேகும்னு நீங்கதான நிறுவையில நின்னு எங்களை ஏசுறீங்க? நாயும் அப்படித்தாங்க வெந்துச்சு. அமுக்கினத எடுத்து உதுத்துவிட்டேன். வேற ஒண்ணும் செய்யலைங்க.”

துரை முழுவதும் புரிந்துகொண்டாரோ என்னவோ. கொழுந்து, அமுக்கினது, வெந்தது ஆகிய மூன்று வார்த்தையும் அவர் தினமும் சொல்கிற வார்த்தைகள். குனிந்து கூட்டுக்குள் கையை நீட்டிச் சுருண்டு கிடந்த சாக்கின் நடுவில் விட்டார். உடனே எடுத்துவிட்டார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு மேஜரின் வயிற்றுக்கடியில் கையைவிட்டு மயிரைத் தூக்கிப் பார்த்தார். தோல் தெரிந்தது. நாய் அவர் கையை நக்கியது.

தன் உத்தரவு தப்பு என்று அவர் சொல்லவில்லை. எந்தத் துரையும் சொல்லி யாரும் கேட்டதில்லை. “வீரய்யா, இனி சாக்கு வேண்டாம்” என்றார். உள்ளே போகும்போது திரும்பாமலேயே, “பொம்பளே நாளைக்கு வா” என்றார்.

இரண்டாம் நாள் இன்னொரு உத்தரவு வந்தது. மலை பார்த்துவிட்டு நாய் உடனே வெயிலில் திரும்பி ஓடக்கூடாது. ரோட்டோரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாலு கம்பு நட்டு மானாப்புல் வேய்ந்து பந்தல் போட வேண்டும். பங்களாவிலிருந்து அங்கே சமதரை ரோடுதான். காளியாயி வாளித் தண்ணீரோடு அங்கே போய் உட்கார வேண்டும்.

“பாத்தியா, நாயிக்குப் பந்தலு!” என்றாள் பூரணி, முதல் நிறுவைக்கு இறங்கி வந்து. நெற்றியில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. கூடையைப் பந்தலுக்குள் இறக்கி வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள்.

“ஏய், ஏய், தொரை நாயிக்குப் போட்டதுக்குள்ள கூடைய வைக்கிறீங்களா?” என்று கந்தப்பன் கங்காணி கம்பை ஓங்கினார்.

“கொழுந்து வெயில்ல வேகுதுங்க கங்காணி ஐயா” என்றாள் காளியாயி. “வெந்தா தொரைகிட்ட நீங்களே சொல்லிக்கிறீங்களா?”

கங்காணி கம்பை இறக்கினார். கூடைகள் எல்லாம் உள்ளே வந்தன.

“கூடைக்குத் தொணை வேணாமா?” என்று பூரணியும் உள்ளே நுழைந்து மேஜரின் வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தள்ளிப் படுடா.”

சித்திரை கடைசியில் மழை பிடித்தது. மேஜருக்கு ஆள் தேவைப்படவில்லை. பந்தல் புல்லைக் கங்காணி தன் மாட்டுக்கொட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் காளியாயி கூடையோடு போனாள். கங்காணி அவள் காலைப் பார்த்தார்.

“ஏறுவியா?”

“ஏறுறேன்.”

வலித்தது. மெதுவாக ஏறினாள். பேர் விழுந்தது.