தொட்டி மண் குறையவில்லை

அலுவலகங்களுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்கு விடுவது செடியக்காவின் தொழில். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து தண்ணீர் ஊற்றி, இலைத் தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போவாள். பதினாறு வருடம் இப்படி அலைந்ததில், டை கட்டியவர்களுக்குச் செடியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த அறிவை உள்ளங்கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப் போய்விடும்.

அதிலும் அந்தக் காப்பீட்டு அலுவலகத்து மேனேஜர் தனி ரகம். தரைக்குக் கீழே, பேருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லாத கூட்ட அறையில் இருபது தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னார்.

"சார், இங்க வெளிச்சமே இல்ல. செடி தாங்காது."

"தலைக்கு மேல எட்டு லைட்டு எரியுது, கண்ணு தெரியலையாம்மா?"

அன்றே ஊழியர்களைக் கூட்டி உபதேசம் நடந்தது. செடி ஆக்சிஜன் விடும், இருபது செடி இருபது மடங்கு விடும், ஆகவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறி இனித் தண்டச்செலவு என்று அதை நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சம்பளம் கொடுக்கிறவர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் அந்தக் கைகள் தட்டும். செடியக்கா பூவாளியோடு கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மூன்றே வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. மூடிய அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலி. உடனே மூலைக்கொரு விஞ்ஞானி முளைத்தான். செடி ஆக்சிஜனைத் திருடி ஆளையே கொன்றுவிடும், பக்கத்துத் தெருவில் ஒருத்தர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார் என்றான் ஒருவன். பச்சையம் என்பது இலைக்கு அடித்த பெயின்ட் மாதிரி, வெளுத்தால் மறுபடி ஏற்ற மருந்து இருக்கிறது என்றாள் ஒருத்தி. மேனேஜர் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டார். செடி சர்க்கரை தயாரிக்கிறது என்று எங்கோ படித்தவர், "நாமளே குடுத்துட்டா அதுக்கு வேலை மிச்சம்" என்று நாலு டப்பா குளுக்கோஸைத் தொட்டிகளில் கொட்டினார். மறுநாள் எறும்புப் படை மேஜை மேல் ஏறியது. கூட்டம் கலைந்தது. பழி செடியக்கா தலையில் விழுந்தது.

"உன் செடியெல்லாம் மட்டம்மா. எடுத்துட்டுப் போ," என்றார் மேனேஜர்.

மெத்தப் படித்த மேதாவிகள் என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, வாசல் கண்ணாடியோரம் தளதளவென்று நின்ற ரப்பர் செடியை முதலில் நகர்த்தினாள். எட்டு வருடத்துச் செடி, ஆள் உயரம். வாட்ச்மேன் ஒரு கை கொடுத்தார். வண்டிவரை போவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"ஏம்மா, இது வந்தப்போ ஒத்தக் கையில தூக்கி வச்சேன். இவ்ளோ எடை எங்கேர்ந்து வந்துச்சு?"

"மண்ணுலேர்ந்துதான் அண்ணே. இது தெரியாதா?"

"அப்ப மண்ணு குறையணுமே? விளிம்பு வரைக்கும் அப்படியே கெடக்கு. நீ ஒரு பிடி மண்ணு போட்டுக்கூட நான் பாத்ததில்ல."

"தண்ணி ஊத்துறேன்ல?"

"காஞ்ச கட்டையும் கனக்குதே. அதுல ஏது தண்ணி?"

செடியக்கா செடியைச் சாய்த்துக் கட்டினாள். வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக உயிரியல் வாத்தியார். சாப்பிட உட்கார்ந்தவரிடம் ஒளிச்சேர்க்கை என்று வாயெடுத்ததுதான் தாமதம், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: "பச்சையமுள்ள தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி."

"அது கெடக்கட்டுங்க. மரத்துக்கு எடை எங்கேர்ந்து வருது?"

"மண்ணுலேர்ந்துதான். உரம் பின்ன எதுக்குப் போடுறோம்?"

"இப்ப நீங்க சொன்னதுல மண்ணு எங்க வந்துச்சு?"

அவர் மறுபடி ஒப்பித்தார், இம்முறை மெதுவாக. 'காற்றிலுள்ள' என்ற இடத்தில் வண்டி நின்றது. கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"அப்போ இந்தக் கதவு, நாற்காலி, நாம படுக்கிற கட்டிலு… எல்லாம் காத்தா?"

"காத்தும் தண்ணியும் சேந்து ஆனது," என்றார் குரல் இறங்கி. "மண்ணோட பங்கு ஒரு சிட்டிகைதான் போலிருக்கு." பிறகு தப்பிக்க வழி கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்தார். "பரீட்சையில இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

கிளிப்பிள்ளைக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம், கிளி சம்பளம் வாங்காது என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே முகம் சுட்டது. வாத்தியாராவது புத்தகத்தோடு நின்றுவிட்டவர். தினமும் தொட்டி தூக்கும் தன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எத்தனை மேனேஜர்களைப் பார்த்து நக்கலாகச் சிரித்திருக்கிறாள்! அவர்களில் ஒருத்தன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவளும் நெஞ்சை நிமிர்த்தி உளறியிருப்பாள்.

மறுநாள் மிச்சத் தொட்டிகளை எடுக்கப் போனவள், பூவாளியைக்கூட இறக்காமல் வாட்ச்மேனிடம் ஓடினாள்.

"அண்ணே, காத்துலேர்ந்து வருதாம்!"

வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காத்துலேர்ந்து கட்டையா? இவங்களோட சேந்து நீயும் கெட்டுப்போயிட்டியேம்மா!"

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாயில்லை. நல்ல கேள்வி கேட்ட மனுஷனுக்குப் பதில்தான் ஜீரணமாகவில்லை.

கீழே அறையில் அவள் தொட்டிகளை ஓரங்கட்டிவிட்டு, புதுசாக இருபது பிளாஸ்டிக் செடிகளை நிறுத்தியிருந்தார்கள். எறும்பு மருந்து வாடை போக விசிறியை மறுபடி போட்டிருந்தார்கள்; தலைவலியும் போயிருந்தது. மேனேஜர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் காட்டினார்.

"பாத்தியா? இது நல்ல செடி. ரூமுக்கே உயிர் வந்துருச்சு."

"ஆமா சார்," என்றாள் செடியக்கா. "தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

அவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.