பத்துச் சொல்

மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொன்னதை லிஃப்ட் மெக்கானிக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வந்த மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய வகுப்பில் யாரும் ஃபெயில் ஆனதில்லை. அவர் ஆக விட்டதில்லை.

ஞாபகத்தைச் சோதிக்க இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் உளவியல் நிபுணர் பத்துச் சொற்களை நிதானமாக வாசித்தாள். ஏணி, சோப்பு, குதிரை, பொத்தான் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. மூன்று முறை வாசித்தும் மெக்கானிக்குக்கு நாலுதான் நின்றது. இருபது நிமிடம் அவரைப் படம் வரைய வைத்துவிட்டு, "இப்ப அந்த வார்த்தைகளைச் சொல்லுங்க சார்" என்றாள்.

"எந்த வார்த்தை?" என்றார் மெக்கானிக்.

மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சர் பத்தையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி முடித்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறு மாதமும் வீட்டில் பாடம் நடந்தது. டீச்சர் அந்தப் பத்துச் சொல்லையும் சொல்லிக் கொடுத்து, முதலில் இரண்டு நிமிடம் விட்டுக் கேட்பார். சரியாக வந்தால் ஐந்து நிமிடம், அப்புறம் அரை மணி, அப்புறம் மறுநாள். தப்பானால் மறுபடி இரண்டு நிமிடம்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று அவர் தினமும் கேட்டார்.

"பரீட்சை வருது" என்று டீச்சரும் தினமும் சொன்னார்.

பரீட்சை வந்தது. நிபுணர் வாசித்தாள்: "ஜன்னல், கரும்பு, ஊசி..." வேறு பட்டியல். டீச்சருக்கு முகம் செத்துப்போனது. அவரே ஒரு கேள்வித்தாளை இரண்டு முறை கொடுத்தவரில்லை.

மெக்கானிக் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, "ஏணி, சோப்பு, குதிரை, பொத்தான்..." என்று பத்தையும் வரிசை பிசகாமல் சொன்னார்.

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தாள். "யார் சார் சொல்லிக் கொடுத்தது?"

"இவங்கதான். நல்ல டீச்சர். அடிக்க மாட்டாங்க."

"அம்மா, இது பாஸ் பண்ற பரீட்சை இல்ல. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சாதானே மருந்தைப் பத்தி யோசிக்க முடியும்?"

"தெரியும்மா" என்றார் டீச்சர். "போன தடவை ஒண்ணுமே சொல்ல முடியாம உக்காந்திருந்தாரு. என்னால பாக்க முடியல."

நிபுணர் புதுப் பட்டியலுக்கு நேரே பூஜ்யம் போட்டாள். பிறகு எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "இதையே அவருக்கு வேணும்கிற விஷயத்துக்குப் பண்ணுங்க. ஏணியும் குதிரையும் எதுக்கு?"

அடுப்பை அணைப்பதில் தொடங்கலாம் என்பது டீச்சரின் திட்டம். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாப்பா பேரு" என்றார்.

மகளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயரைப் பலமுறை சொல்லியும் அவரிடம் தங்கவில்லை. அதனால் மகள் போன் பண்ணும்போதெல்லாம் குளியலறைக்குப் போய்விடுவார். டீச்சருக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி. ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அவரே போன் போடச் சொல்லி, மகளிடம் பேத்தியைப் பெயர் சொல்லி விசாரித்தார்.



"போனை அவ காதுல வைக்கிறேன்ப்பா" என்றாள் மகள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். டீச்சர் அடியெடுத்துக் கொடுக்கவில்லை.