நாலிக் கணக்கு

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இமயமலையில் எவ்வளவு மண் கரைகிறது என்று சொல்வதுதான் என் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. மழை, சரிவு, மண்ணின் தன்மை, பயிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று விடை வரும். மலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வா என்று யாரும் சொன்னதுமில்லை.

எழுபத்தொன்பதில் குமாவூன் மலைப் பக்கத்து ஏரி ஒன்று என் மேஜைக்கு வந்தது. வருஷா வருஷம் தூர்ந்துகொண்டிருந்த ஏரி. அந்த மண் எங்கிருந்து வருகிறது? சரிவில் படிப்படியாக வயல் வெட்டி உழுகிற முப்பத்தெட்டு குடும்பங்களா காரணம், அல்லது அவர்களுக்கும் மேலே புதிதாக மலையை வெட்டிப் போட்ட ரோடா? வயல்தான் என்று என் கணக்கு சொன்னால் அந்தக் குடும்பங்கள் இனி ஏர் பூட்டக் கூடாது. இதை என் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மலையிலிருந்து ஹிந்தியில் எழுதிய நோட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு நேராகவும் நாலி ஆறு, நாலி ஒன்பது, நாலி ஏழு என்று இருந்தது. என் ஹிந்தி கறிகாய்க்காரனிடம் கற்றுக்கொண்ட ஹிந்தி. எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நாலி என்றால் வாசலில் ஓடுகிற சாக்கடை. அது அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் என் மனைவி ராஜலக்ஷ்மி முனிசிபாலிட்டியைத் திட்டுவாள். ஆகவே இது வயலில் மழைத்தண்ணீர் அரித்த ஓடைகள் என்று முடிவு கட்டினேன். ஒரே குடும்பத்து நிலத்தில் ஒன்பது ஓடையா என்று சந்தேகம் வராமலில்லை. பக்கத்து மேஜை வைத்தியைக் கேட்டேன்.

"நாலின்னா நாலிதான், ஓய். இதுக்குப் போய் அகராதி பாக்கணுமா? ஜல்தி முடிச்சுத் தள்ளும், பஸ் போயிடும்" என்றான்.

மொத்தம் இருநூற்று எண்பத்துநாலு ஓடை. பெருக்கினேன். வயல்தான் குற்றவாளி என்று பளிச்சென்று வந்தது. டைரக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே உழவுக்குத் தடை போட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த நோட்டு வந்தது. நாலிப் பத்தி முழுக்கச் சைபர். ஒரு ஓடைகூட மிச்சமில்லை என்று செக்‌ஷனே குதித்தது, லட்டு வாங்கினார்கள். ஏரி மட்டும் முன்பைவிட வேகமாகத் தூர்ந்திருந்தது. எனக்கு உறுத்தத்தான் செய்தது. லட்டு தின்கிற வாயால் அதை எப்படிச் சொல்வது?

பிஷன் சிங் அந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்கு மாற்றலாகி வந்த பியூன். மலைக்காரர். டீ வைக்க வந்தவர் விரித்திருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாப், இவங்க நிலமெல்லாம் எங்க போச்சு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நிலமா? இது ஓடைக் கணக்கு, பிஷன் சிங்."

"இல்ல சாப். எங்க மலையில நாலின்னா நில அளவு. யார் எவ்வளவு உழறாங்கன்னு எழுதியிருக்கு. அம்பது நாலி ஒரு ஹெக்டேர். எங்கப்பாவுக்கு எட்டு நாலி இருந்தது."

கும்பகோணத்துப் பக்கம் என் அப்பாவுக்கு இருநூறு குழி நிலம் இருந்தது. நூறு குழி ஒரு மா என்று கேட்டு வளர்ந்தவன் நான். எவனாவது வடக்கத்தியான் அதை இருநூறு பள்ளம் என்று எழுதியிருந்தால் ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும். நான் செய்ததும் அதுவேதான். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது.

ஓடைகளை எடுத்துவிட்டு மறுபடி பெருக்கினேன். வயல்களிலிருந்து போன மண் சொற்பம். ஏரியில் கிடந்தது பெரும்பாலும் ரோட்டு மண். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டைரக்டரிடம் நீட்டினேன். ரிடயராக எட்டு மாதம் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு என்றார். சாப்பாடு இறங்கவில்லை சார் என்றேன்.

காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்தது. ஐந்து மாதத்தில் தடையை நீக்கினார்கள். ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன்.

"அப்பாடா, இனிமேலாவது ஒழுங்கா சாப்பிடுங்கோ" என்றாள்.

நன்றாகவே சாப்பிட்டேன், ஒரு மாதம். பிறகு மலை ஆபீசிலிருந்து பதில் வந்தது. உத்தரவை வாசித்துக் காட்ட ஊருக்குப் போனார்களாம். கிழவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்களாம். மற்றவர்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி டெல்லிக்குப் போய்விட்டதால், அங்கேயே விசாரித்து அவரவரிடம் சேர்ப்பிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

உத்தரவின் நகல் முப்பத்தெட்டு இணைத்திருந்தது.