பத்தாவது விளக்கு

வானிலைக்காரருக்குப் பொய் வராது. நல்ல குணம்தான், மாமியார் இல்லாதவர்களுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மாமியார் கண்ணாடி முன் நின்று, "எனக்கு அறுபதுன்னா யாராவது நம்புவாங்களா, மாப்பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நம்ப மாட்டாங்க அத்தை. அறுபத்திரண்டு இருக்கும்," என்றார் இவர்.

அன்றே பெட்டியைக் கட்டிய மாமியார் அப்புறம் போனில்கூட இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மகளுக்கு ஒன்பதாம் மாதம். மனசு கேட்காமல் காலை விமானத்தில் வருகிறார். "இந்தத் தடவையாவது எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க. எனக்கு அம்மா வேணும்," என்று சொல்லித்தான் மனைவி இவரை வேலைக்கு அனுப்பினாள்.

விடிந்தும் மூடுபனி விலகவில்லை. அவர் வேலை பார்ப்பது சின்ன விமான நிலையம். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளக்கக் கருவியெல்லாம் கிடையாது. ஓடுபாதை முனையில் நின்று ஓர விளக்குகளை எண்ண வேண்டியதுதான். பத்து தெரிந்தால் விமானம் இறங்கலாம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினார். ஒன்பது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். ஒன்பதேதான். பத்தாவது எங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கே வெறும் வெள்ளைதான் இருந்தது.

"விமானம் மேல சுத்திக்கிட்டு இருக்கு சார்," என்றது வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் குரல். "ஒரு விளக்குதானே, நல்லாப் பாருங்க."

வேண்டுமென்றே மாமியாரைத் திருப்பி அனுப்பினான் என்று குடும்பமே சொல்லும்.

"ஒன்பது," என்றார். மேலே கேட்ட இரைச்சல் மெல்லத் தேய்ந்து வேறு ஊர்ப் பக்கம் போயிற்று.

அங்கே இறங்கி ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, மாமியார் மதியம் மூன்று மணிக்கு வாசலில் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. மனைவி இவரை முறைத்தாள்.

"எத்தனை தெரிஞ்சுது?" என்றார் மாமியார்.

"ஒன்பது, அத்தை."

"நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

மாமியார் பெட்டியை அவர் கையில் கொடுத்தார். "பத்து விளக்கு தெரியணுமாம், ஒன்பதுதான் தெரியுதாம்னு பைலட் சொன்னதும், பக்கத்து சீட்டுக்காரர் 'எந்தக் குருடன் எண்ணுறான்'னு குதிச்சார். எண்ணுறது என் மாப்பிள்ளை, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

மனைவிக்கு நம்ப முடியவில்லை. "எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா சொன்னே?"

மாமியார் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அன்னைக்கு எனக்கு அறுபத்திரண்டுதான்டி."