பசை காயும் வரை

மின்விசிறி ஓடிய வேகத்தில், கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்டியிருந்த படங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடின. இரண்டாம் வகுப்பு டீச்சர் நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். கால் கடுத்தது. உட்காரலாம் என்றால், ஒரே நாற்காலியில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் முதலில் படம் வரைய வேண்டும். பிறகு மேசைக்கு வந்து, படத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்தின் கீழ் ஒட்டிக் கொடுப்பாள். தான் சொன்னதையே படிக்க எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்?

"படம் வரைஞ்சா படிப்பு வந்துடுமா? நல்லா காது குத்துறீங்க டீச்சர்" என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்தான் பெரிய டீச்சர். இருந்தாலும் இந்தப் பருவம் முழுக்க விட்டுக்கொடுத்திருந்தார். இன்று ஒவ்வொருவராகப் படித்துக்காட்ட வேண்டும். படிக்காத பிள்ளை திங்கட்கிழமை முதல் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும். அதுதான் பேச்சு.

முன்வரிசை தட்டுத்தடுமாறித் தேறிவிட்டது. அடுத்து எறும்பு வந்தாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. படத்தில் ஒரு பெரிய பஸ், படியில் ஒரு பெண், கீழே கையைத் தூக்கியபடி ஒரு சின்ன உருவம்.

"பஸ்" என்று படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள்.

"படிம்மா" என்றாள் டீச்சர்.

"இது என்னுது இல்ல."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "தன் படமே தெரியல. வேற என்னத்தைப் படிக்கப்போறா? திங்கட்கிழமை அங்க அனுப்பிடுங்க." அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. "இருங்க, மத்தவங்களை வந்து கேக்கறேன்" என்று எழுந்து போனார்.

விட்டுவிடலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு தலைவலி குறையும். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து எறும்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"படம் உன்னுதுதானே?"

"படம் என்னுது. இதுதான் பொய்."

சின்ன விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்து ஒரு சொல்லின் கீழ் நின்றது. "வந்துடுச்சுன்னு போட்டிருக்கு. நான் போயிடுச்சுன்னு சொன்னேன்." விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "அம்மா இறங்கல. ஏறிட்டாங்க."

டீச்சர் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தாள். நேற்று மணி அடித்துவிட்டதால் கடைசியில் வந்து சொன்ன சில பிள்ளைகளின் படங்களுக்கு எழுத முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபடி, கண் சொருக, எறும்பு சொன்னது நினைவுக்கு வராமல், படத்தைப் பார்த்துத் தானாகவே எழுதியது அது. பஸ் வந்துடுச்சு. அம்மா இறங்கிட்டாங்க. அந்தக் கைகள் அழைக்கிற கைகள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"நீ சரியாத்தான் படிச்சிருக்கே. தப்பு என்னுது" என்றாள். இதைப் பெரிய டீச்சரிடமும் சொல்லியாக வேண்டும். அதை நினைத்ததுமே இன்னும் அலுப்பாக இருந்தது.

பழைய துண்டை உரித்தாள். புதிதாக ஒன்று வெட்டி, "பஸ் போயிடுச்சு" என்று எழுதினாள். "அம்மா" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க டீச்சர்" என்றாள் எறும்பு.

எழுதினாள். எறும்பே பசை தடவி ஒட்டினாள். உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து போய் வாசலிலேயே பெரிய டீச்சரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்.

"அப்படியா? எங்க, கையை எடு. படி பார்க்கலாம்."

எறும்பு நிமிரவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"இன்னும் காயல" என்றாள்.