பெட்டி காயட்டும்

"கோஸ்தான்... கோஸ்தான்..." என்று கையை ஆட்டி, லோரியைப் பின்பக்கமாக வாசலுக்குள் விட வழிகாட்டிக்கொண்டிருந்தான் ஜெயராஜ். அண்ணன் கன்னையா கூடத்தில் பெஞ்சின் மேல் கிடந்தார். அவருக்கான பெட்டி இந்த லோரியில்தான் வந்திருந்தது.

கன்னையாவோடு வேலை பார்த்த பக்கிரிசாமி இறங்கித் தார்ப்பாயை விலக்கியதும் தெருவே வாயடைத்துப்போனது. கருநீலத்தில் தகதகத்தது பெட்டி. முந்தின நாள் சாயங்காலம் கன்னையா ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி கேட்டதும், கிள்ளானில் அவர் பெயிண்ட் அடித்த கார் பட்டறையில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சாதாரணப் பலகைப் பெட்டி ஒன்றை வாங்கி, தேய்த்து, மெர்சிடிஸுக்கு அடிக்கிற பெயிண்டில், அது இறுகிப் பிடிப்பதற்கான ஹார்ட்னர் கலந்து, கோட்டுக்கு மேல் கோட் அடித்திருந்தார்கள்.

"காலம் பூரா ஊரான் காருக்கு அடிச்சாரு. அவருக்குன்னு ஒண்ணு வேணாமா தம்பி?" என்றார் பக்கிரிசாமி. கண் சிவந்திருந்தது.

கன்னையாவின் உயிரை எடுத்ததே அந்த ஹார்ட்னர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. அன்பு முற்றிய கூட்டத்துக்கு இப்படிப்பட்ட சில்லறை விஷயங்கள் தோன்றுவதில்லை.

கன்னையாவுக்கு நினைவிருந்திருக்கும். டாக்டர் அவருடைய நுரையீரலைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்து, அந்தத் தண்ணீரில் இருந்ததை மைக்ராஸ்கோப்பில் அவருக்கே காட்டியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்தவர், படம் பார்த்துவிட்டு வந்தவர்போலக் கதை சொன்னார்.

"உள்ள ஜாகாக்காரனுங்க காவலுக்கு இருக்கானுங்கடா. பொறந்ததிலேருந்தே டியூட்டி, ட்ரெய்னிங்கே கெடையாது. ஐசி கார்டு கேக்க மாட்டானுங்க, யாரு வந்தாலும் அடிதான். ஹார்ட்னர் ஆவி உள்ள போனா, அதை அடிக்கிறேன்னு நம்ம செவுத்தையும் சேர்த்து ஒடைக்கிறானுங்க. நியூட்ரோபில்னு பேரு சொன்னாரு டாக்டர். வாயில நுழைய மாட்டேங்குது. நெஞ்சுல மட்டும் நல்லா நுழையுது."

"அப்ப அவனுங்களத் திட்டணும் அண்ணே."

"சே, விசுவாசமான பயலுங்கடா. வீட்டைக் காப்பாத்தத்தானே அடிக்கிறானுங்க."

தன்னை அடித்தவர்களுக்கே நற்சான்று கொடுத்த மனிதர். பட்டறையை விட்டு நின்ற பிறகும், பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால்கூட அவருக்கு நெஞ்சு அடைக்கும். "பயலுங்க முழிச்சிட்டானுங்க" என்பார், மூச்சு திரும்பியதும்.

ஜெயராஜுக்கு அந்த நகைச்சுவை வராது. தீபாவளியிலிருந்து அவன் நெஞ்சிலும் விசில் கேட்டது. குளியலறையில் சத்தம் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருமுவான். ஏர்கான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி புஷ்பவல்லியிடம் சொல்லிவைத்திருந்தான். வீட்டில் ஏர்கான் இல்லை என்பதை அவளும் எடுத்துச் சொல்லவில்லை. வயிற்றில் இரண்டாவது பிள்ளை. அவனுக்குத் தெரிந்ததோ, அண்ணனோடு அதே பட்டறையில் கற்ற இந்த ஒரு தொழில்.

பட்டறை முதலாளி தவுக்கே வந்து அவன் தோளைத் தட்டினார். "ஜெயா, திங்கக்கெழமை நீதான் பெரிய ஆளு லா. அண்ணன் எடம், அண்ணன் சம்பளம்."

ஜெயராஜ் தலையாட்டினான்.

"தம்பி, பெட்டியோட தலைமாட்டப் புடிங்க" என்றார் பக்கிரிசாமி.

பிடித்தான். இன்னும் சரியாகக் காயாத பெயிண்ட் வாடை முகத்தில் அறைந்தது. கூடம் வரைக்கும் எப்படியோ தூக்கிவந்து வைத்தவன், வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம்.

"பாவம், அண்ணன் மேல உசிரையே வச்சிருந்தான்" என்றார்கள் பெண்கள்.

பக்கிரிசாமி ஓடிவந்து, ராத்திரி முழுக்கப் பெயிண்டில் ஊறிய சட்டையோடு அவனைக் கட்டிக்கொண்டார். "அழுதுடு தம்பி. உள்ளயே வச்சிக்காத, வெளிய விடு."

வெளியே விடத்தான் ஜெயராஜும் முயன்றுகொண்டிருந்தான். மூச்சுதான் வரவில்லை.

அண்ணி பவுனம்மாள் கணவரின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கீச்சுச் சத்தத்தோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவள்.

"அவன விடுங்க. அது அழுகை இல்ல."

கன்னையாவோடு அனுப்புவதற்காக அவருடைய சீப்பு, கண்ணாடி, மூச்சுக்கு அடிக்கும் பம்ப் எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்துவைத்திருந்தார்கள். பவுனம்மாள் பம்பை எடுத்தாள்.

"பவுனு, பொணத்துக்கு வச்சத எடுக்கக் கூடாதுடி" என்றாள் அத்தை வள்ளியம்மா.

"அவருக்கு இனிமே தேவைப்படாது அத்தை."

குலுக்கி, ஜெயராஜின் வாயில் வைத்து அழுத்தினாள். "இழு. புடிச்சு வை. இப்ப விடு." புருஷனிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

விசில் கொஞ்சம் தணிந்தது.

"எப்பருந்து?"

சளி என்று சொல்லியிருக்கலாம். தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவல்லியும்தான்.

"தீபாவளியிலேருந்து, அண்ணி."

புஷ்பவல்லி வந்து படியில் அவனோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஜெயா... அப்ப திங்கக்கெழமை?" என்றார் தவுக்கே.

"வரமாட்டேன் தவுக்கே."

பக்கிரிசாமி பெட்டியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அண்ணி, நாங்க நல்லதுன்னு நெனச்சுதான்..."

"நல்லாத்தான் இருக்கு பக்கிரி. அவரு பாத்திருந்தா, மூலையில தூசி ஒட்டியிருக்குன்னு ஒன்னத் திட்டியிருப்பாரு." குரல் லேசாக உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "வெளிய கொண்டுபோங்க. வெயில்ல காயட்டும்."

"நேரம் ஆகுதும்மா" என்றார் பூசாரி.

"ஆகட்டும் சாமி. கொள்ளி வைக்கிறவன் அவன். மூச்சோட வரட்டும்."

ரம்புத்தான் மரத்தைத் தாண்டி, வெயில் விழுகிற இடத்தில் பெட்டியை வைத்தார்கள். பக்கிரிசாமி பேப்பரை மடித்து விசிறினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற தவுக்கே, தானும் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். யாரோ நீள வயரை இழுத்துவந்து, மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராகப் போட்டுவிட்டார்கள். அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, காலிப் பெட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.